பஞ்ச காலத்தில் பிணை நின்றவன்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,



சென்ற மாதம் போதகர் இல்லத்தின் புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்று கைக்கு வந்தது. 2020 ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை வாரந்தோறும் நான் எழுதிய குறிப்புகள் அதில் இருக்கின்றன. நம் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வாலிபனைப் பற்றிய குறிப்புகள் அவை. முதலில் தேதி. அடுத்து ஒரே கேள்வி: ‘வேலை கிடைத்ததா?’ அதற்கடுத்து விடை: ‘இல்லை.’ ஜூன் மாதத்திலிருந்து என் கையெழுத்தில் இன்னும் இரண்டு சொற்கள் சேர்ந்திருக்கின்றன: ‘முயற்சி போதாது.’ எண்ணிப் பார்த்தேன். ஐந்து இடங்களில் அப்படி எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு சொற்கள் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகையால் இவ்வாரத் தியானத்தை அவற்றைக் கொண்டே தொடங்குகிறேன்.

அந்த வாலிபனின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவன் பெயரையும், அவனை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். உங்களில் சிலர் யாரென்று கண்டுகொள்வீர்கள். கண்டுகொண்டாலும் அவனிடம் இதைப்பற்றிக் கேட்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

அவன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் உதவியாளாக இருந்தவன். வேலை செய்த இடத்திலிருந்தே துணி ரோல்கள் சிலவற்றை வெளியே கடத்தி விற்றான். அகப்பட்டான். முதல் குற்றம், வயது 23, தாய் மட்டும் உண்டு. நீதிமன்றம் அவன் குற்றவாளி என்று தீர்த்தது. ஆனால் சிறைக்கு அனுப்பாமல், இரண்டு ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவித்தது. 1958 ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் நான்காம் பிரிவு என்று ஒன்று உண்டு. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றத்தில், குற்றத்தின் தன்மையையும் ஆளின் நடத்தையையும் பார்த்து, பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒருவனை அனுப்பிவிட நீதிபதிக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்தக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. அதில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. குற்றவாளிக்காவது, அவனுக்காகப் பிணை நிற்பவருக்காவது, அந்த நீதிமன்ற எல்லைக்குள் நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ இருக்க வேண்டும். அவன் தாய் என்னிடம் வந்து நின்றதற்குக் காரணம் அதுதான். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, அதுவும் மகன் வேலையை இழந்தபின், யார் இருக்கிறார்கள்? ‘ஐயா, உங்களுக்கு ஊர்ல பேர் இருக்குதுங்க’ என்றார் அந்தத் தாய்.

2019 நவம்பரில் பத்தாயிரம் ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னபோது, நீதிமொழிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து என் முன்னே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பிறனுக்காகப் பிணைப்பட்டவன் கண்ணியில் சிக்கியவன் என்று அங்கே சாலொமோன் எச்சரிக்கிறார். அந்த ஒரு இடத்தில் மாத்திரமல்ல. 11, 17, 22 ஆகிய அதிகாரங்களிலும் அதே எச்சரிப்பு வருகிறது. இறையியல் கல்லூரியில் இந்தப் பகுதிகளுக்கு நான் எழுதிய விளக்கத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. பிணைப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காதவன் எழுதிய விளக்கம் அது.

நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற இந்த ஏற்பாடு எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. அமெரிக்காவிலே பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்றொருவர் இருந்தார். பூட்ஸ் தைக்கும் கடை வைத்திருந்தவர். வழக்கறிஞரல்ல, அதிகாரியல்ல, போதகருமல்ல. 1841 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலையில் காவல் நீதிமன்றத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது, கந்தலுடுத்த ஒரு குடிகாரனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சீர்திருத்தச் சிறைக்கு அவன் போக வேண்டியவன். அகஸ்டஸ் அவனிடம் சில வார்த்தைகள் பேசினார். இனிக் குடிப்பதில்லை என்று அவன் வாக்களித்தான். அவர் பிணை நின்று அழைத்துச் சென்றார். மூன்று வாரங்கள் கழித்து அவனைத் திரும்பக் கொண்டுவந்தபோது அங்கிருந்தவர்களுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. நீதிபதி ஒரு சென்ட் அபராதம் விதித்தார். நீதிமன்றச் செலவும் சேர்த்து 3 டாலர் 76 சென்ட் கட்டிவிட்டு அவன் விடுதலையானான். அடுத்த பதினேழு ஆண்டுகளில் இவ்விதமாக ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு அவர் பிணை நின்றார்.

இந்தக் கதையைப் பலர் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1837 இல் அமெரிக்காவில் வங்கிகள் கைவிரித்ததால் எழுந்த மந்தம் 1843 வரை அந்த தேசத்தை வாட்டியது. அகஸ்டஸ் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது அதன் நடுவிலே. வேலை தாராளமாகக் கிடைத்த நாளில் அவர் பிணை நிற்கத் தொடங்கவில்லை. தன் கடையை விட்டுவிட்டுப் பகலெல்லாம் நீதிமன்றத்தில் காத்திருந்து, இழந்த வேலையை இரவில் ஈடுகட்டினார். இந்த ஊழியம் தன் பையை நிரப்பவில்லை, காலி செய்தது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒருவன் சிறைக்குப் போனால் படி பெறும் காவல் ஊழியர்கள் அவரை வெறுத்தார்கள். 1859 இல் அவர் மரித்தபோது செல்வம் ஒன்றும் மிஞ்சவில்லை.

இங்கிலாந்தில் இதே வேலையைச் சபை செய்தது. 1876 இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஃபிரெடெரிக் ரெய்னர் என்னும் அச்சுத் தொழிலாளர், இங்கிலாந்து திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பி, நீதிமன்ற வாசலில் நிற்கும் ஏழைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று எழுதினார். அதிலிருந்து ‘நீதிமன்ற மிஷனரி’ ஊழியம் பிறந்தது. 1907 இல் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கியபோது, கண்காணிக்கும் அலுவலர் குற்றவாளிக்கு ஆலோசனை சொல்லவும், உதவவும், நண்பனாயிருக்கவும், தேவைப்படும்போது தகுந்த வேலை கிடைக்க முயலவும் கடமைப்பட்டவர் என்று எழுதிவைத்தார்கள். நம் தேசத்து 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினான்காம் பிரிவிலும் அந்த வேலை தேடும் கடமை அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அன்பானவர்களே, அந்தக் கடமை யாருடையது என்று கவனித்தீர்களா? வேலை தேட முயல வேண்டியவர் அலுவலர். நான் ஆறு மாதம் இதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

2020 மார்ச்சு 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நம் ஊர் எப்படி இருந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்தாயின. சனிக்கிழமை மாலைச் சம்பளம் நின்றது. வடமாநிலத்துத் தொழிலாளர்கள் தலையில் பையோடு நடந்தார்கள். அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 சதவீதம் சுருங்கியதாக அரசின் முதல் மதிப்பீடு சொன்னது. ஆலயம் பூட்டியிருந்தது; நான் செல்பேசியின் முன் நின்று பிரசங்கித்தேன்.

அந்த வாலிபனுக்கு ஊரடங்குக்கு முன்பு ஒரு பவர் டேபிளில் வேலை கிடைத்திருந்தது. அது முதல் வாரத்திலேயே போயிற்று. நன்னடத்தை அலுவலர் நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார். அலுவலகத்துக்கு ஆட்களை வரவழைக்க முடியாத நிலையில், தொலைபேசியில் அவனோடு பேசிவந்தார். வாரம் ஒருமுறை அவனை நேரில் பார்த்து இரண்டு வரி எழுதிவைக்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அந்த நோட்டு. புதன்கிழமை மாலைதோறும் அவன் வந்து ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் நிற்பான். நான் முகக்கவசத்தோடு திண்ணையில் உட்கார்ந்து கேட்பேன்.

எபேசியர் நான்காம் அதிகாரம் 28 ஆம் வசனத்தை அவனுக்கு நான் கொடுத்திருந்தேன். திருடினவன் இனித் திருடாமல், தன் கைகளால் உழைத்து, இல்லாதவனுக்குக் கொடுக்கத்தக்கவனாக வேண்டும் என்று அப்போஸ்தலனாகிய பவுல் அங்கே போதிக்கிறார். நல்ல வசனம். அதை மனப்பாடமாகச் சொல்லச் சொல்வேன், சொல்வான். பின்பு, ‘வேலை கிடைத்ததா?’ என்பேன். பவுல் அந்த வசனத்தைத் தனியொரு திருடனின் கையில் கொடுக்கவில்லை, எபேசுவின் சபைக்கு எழுதிய நிருபத்தில் வைத்தார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. உழைப்பதற்குக் கைகள் அவனிடம் இருந்தன. உழைப்பதற்கு இடம் வைத்திருந்தவர்கள், அந்த நிருபத்தை வாசிக்கக் கேட்ட மற்றவர்கள்.

ஜூலையில் ஒருநாள் அவன் தாயைச் சந்தித்தபோதுதான் தெரிந்தது. பேருந்து இல்லாத நாட்களில் அவன் அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் நடந்தே போய்க் கம்பெனி கம்பெனியாகக் கேட்டு வந்திருக்கிறான். கேட்ட இடத்தில் வேலை இல்லை என்றார்கள். இருந்த இடத்தில் முந்தைய கம்பெனி எது என்றார்கள். அவன் அதை என்னிடம் சொல்லவில்லை. ‘இல்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. அதையறிந்த பின்பும் அந்த நோட்டில் ஒருமுறை ‘முயற்சி போதாது’ என்று எழுதியிருக்கிறேன். ஏன் எழுதினேன் என்று இப்போது நினைவில்லை. பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை.

அந்த நாட்களில் இரவு நேரம் நிறைய இருந்தது. 1930களின் பெருமந்தத்தைப் பற்றி வாசித்தேன். 1929 அக்டோபரில் நியூயார்க்கின் பங்குச் சந்தை சரிந்தது. 1933 இல் அமெரிக்காவின் தொழிலாளரில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. பிரிட்டனில் 1932-33 குளிர்காலத்தில் வேலையற்றவர்கள் ஏறக்குறைய 30 லட்சம். தெற்கு வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும், வடகிழக்கின் கப்பல் கட்டும் ஊர்களிலும் தெரு முழுவதும் வேலையற்றவர்கள். அங்கே நன்னடத்தை அலுவலர்களாக இருந்தவர்களில் பலர் அப்போதும் நான் மேலே சொன்ன மிஷனரிகள்தான். அவர்கள் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், சபைச் சங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த இரட்டை நிர்வாகம் ஒழிய வேண்டும், இது முழுக்க அரசின் பணியாக வேண்டும் என்று 1936 இல் ஓர் அரசுக் குழு பரிந்துரைத்தது.

அந்த மிஷனரிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீடு வீடாகப் போய், கண்காணிப்பில் உள்ளவன் ஒழுங்காக வேலைக்குப் போகிறானா என்று பார்ப்பது அவர்கள் கடமை. ஊரில் வேலையே இல்லை. இன்னொன்றும் இருந்தது. 1931 இறுதியிலிருந்து, காப்பீட்டு உதவி தீர்ந்துபோன வேலையற்றவர்களுக்கு நிவாரணம் கொடுக்குமுன் குடும்பத்தின் மொத்த வருமானத்தையும் அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். மகன் சிறிது சம்பாதித்தால் தகப்பனுடைய நிவாரணத்தில் அது குறைக்கப்படும். ஆகவே பல வீடுகளில் பிள்ளைகள் தகப்பனுக்குப் பாரமாகாதபடி வீட்டைவிட்டு வெளியேறினார்கள். இப்போது ஒரு வாலிபனைப் பற்றிய நீதிமன்ற ஆணை ‘பெற்றோருடன் ஒழுங்காய் வசிக்க வேண்டும்’ என்கிறது. நிவாரண விதியோ அவனை அந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளுகிறது. இரண்டும் அரசின் கட்டளைதான். இரண்டும் ஒரே வாசலில் வந்து சந்திக்கும்போது, நடுவில் நின்றவர் அந்தக் கண்காணிப்பாளர்.

ஜார்ஜ் ஆர்வெல் என்னும் எழுத்தாளர் 1936 இல் லங்காஷயரின் விகன் நகரத்துக்குப் போய்த் தாம் கண்டதை எழுதியிருக்கிறார். சுரங்கக் கழிவு மேட்டில் வேலையற்றவர்கள் ஏறி, மண்ணோடு கலந்துகிடந்த நிலக்கரித் துண்டுகளைப் பொறுக்கினார்கள். சட்டப்படி அது திருட்டு. வீட்டிலோ அடுப்புக்குக் கரி இல்லை. இருவருக்கு பத்து ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்ட செய்தி அன்று காலை உள்ளூர்ப் பத்திரிகையில் வந்திருந்தது. அந்த இருவரில் ஒருவர் அன்று மாலையே மேட்டில் கரி பொறுக்கிக்கொண்டிருந்தார். அபராதத்தைக் கரி பொறுக்குகிறவர்கள் தங்களுக்குள் காசு போட்டுக் கட்டினார்கள். இதை வாசித்த இரவில் நான் அந்தத் திருட்டைவிட அந்த வசூலைப் பற்றித்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தேன். கரியில்லாதவர்கள் கரியில்லாதவனுக்குக் கொடுத்தார்கள். ஆராதனை இல்லாத அந்த மேட்டில் அது நடந்தது.

நம் தேசத்திலும் அதே மந்தம் நெல் விலையைச் சரித்து, கடன்பட்ட குடியானவர்களை நிலத்தைவிட்டுத் துரத்தியது. அதன் வடு ஆறாத காலத்தில்தான், 1936 ஆம் ஆண்டின் சென்னை நன்னடத்தைச் சட்டம் வந்தது; தேசம் முழுவதற்குமான சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னதாகவே. காரணம் இதுதான் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பாஸ்டனில் ஆகட்டும், நம் மாகாணத்தில் ஆகட்டும், இந்த ஏற்பாடு செழிப்பின் பிள்ளையாகப் பிறக்கவில்லை என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இனி நம் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கசப்பாயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 செப்டம்பரில் ஆலயம் மறுபடியும் திறக்கப்பட்டபோது, ஆலயப் பணியாளராக இருந்த பெரியவர் வயது காரணமாக விலகினார். பெருக்க, மணியடிக்க, நாற்காலி போட, கிருமிநாசினி தெளிக்க ஓர் ஆள் தேவை. சம்பளம் பெரிதல்ல. சபைக் குழுவில் நான் இந்த வாலிபனின் பெயரைச் சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்பு மூப்பர் ஒருவர், ‘போதகர் ஐயா, காணிக்கைப் பெட்டிச் சாவி அவன் கையில்தானே இருக்கும்?’ என்றார். அவர் தீய மனிதரல்ல. ஊரடங்கில் இரண்டு தெருக்களுக்கு அரிசி கொடுத்தவர் அவர். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்தச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவைச் சொல்லியிருக்கலாம். நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவனுக்கு, குற்றத் தீர்ப்பினால் வரக்கூடிய தகுதியிழப்பு எதுவும் இல்லை என்று அது சொல்லுகிறது. கிருபையைப் பற்றி ஒன்றும் எழுதாத சட்டம்கூட அவ்வளவு தூரம் போகிறது. அல்லது, சாவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வினாடி வேலை.

நான் ‘சரி, ஜெபித்து முடிவெடுப்போம்’ என்றேன். ஜெபம் என்ற சொல்லை அன்றுபோல் நான் வீணாக்கியது அரிது. அடுத்த வாரம் வேறொருவர் நியமிக்கப்பட்டார்.

அந்தப் புதன்கிழமை அவன் வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. செல்பேசி அணைக்கப்பட்டிருந்தது. அலுவலர் அம்மையார் என்னை அழைத்தார். ‘பாஸ்டர், பிணை கொடுத்தது நீங்க. இருப்பிடத்தை விட்டுப் போனா அது நிபந்தனை மீறல். நான் கோர்ட்டுக்கு எழுதியாகணும். ஒரு வாரம் பொறுக்கிறேன்’ என்றார். நிபந்தனையை மீறினவனை நீதிமன்றம் அழைத்து, பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்க முடியும். முதல் தவறு என்றால் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விட்டுவிடவும் முடியும். எது நடக்கும் என்பது அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

அவன் தாய் ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். ஈரோட்டுக்குப் போனேன். காய்கறிச் சந்தையில் அதிகாலையில் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு ஓடுவான் என்று நினைத்தேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். கண்டித்துப் பேச வேண்டும் என்று பேருந்தில் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

‘வேலை கிடைச்சுதுங்க ஐயா. நோட்டுல எழுதிக்கிறீங்களா?’

கேலியாகக் கேட்டானா, உண்மையாகவே கேட்டானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏன் சொல்லாமல் வந்தாய் என்று கேட்டேன். ‘சொன்னா போகக்கூடாதும்பீங்க. அங்க இருந்தா அம்மாவுக்கு வாடகை யார் கட்டறதுங்க? கோயில் வேலையும் இல்லைன்னு ஆயிப்போச்சு’ என்றான். சபைக் குழுவில் பேசியது அவன் காதுக்கும் போயிருந்தது. நான் பேசாமலிருந்ததும் போயிருந்தது.

அவனோடு கடையில் தேநீர் குடித்தேன். பின்பு அலுவலர் அம்மையாருக்குப் போன் செய்தேன். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. ‘அவனைக் கூட்டிட்டு வாங்க. மீறல்னு எழுதறதுக்கு முன்னால, நிபந்தனையை மாத்தக் கேட்டு நானே மனு போடறேன்’ என்றார். எட்டாம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. நான்குமுறை நீதிமன்றத்துக்கு நடந்தோம். கடைசியில் நீதிபதி அவன் ஈரோட்டில் தங்கி வேலை செய்ய அனுமதித்தார். 2021 நவம்பரில் கண்காணிப்புக் காலம் முடிந்தது. அந்த அம்மையார் ஆலயத்துக்கு வருகிறவரல்ல. நான் போதித்துவந்ததை அவர் செய்தார்.

இப்போது நீதிமொழிகளுக்குத் திரும்புகிறேன். சாலொமோனின் எச்சரிப்பு பொய்யல்ல. கடனுக்குப் பிணை நின்று வீடிழந்தவர்கள் நம் சபையிலேயே உண்டு. ஆனால் வேதத்தில் அதற்கு முன்பாகவே ஒரு பிணையாளி வருகிறான். ஆதியாகமம் 43 ஐ எடுத்து வாசியுங்கள். தேசத்திலே பஞ்சம் கொடியதாயிருக்கிறது. எகிப்தில் தானியம் உண்டு. பென்யமீனைக் கூட்டிவராமல் அது கிடைக்காது. யாக்கோபு பிள்ளையை அனுப்ப மறுக்கிறார். முன்னமே ரூபன், பென்யமீனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் தன் இரண்டு குமாரரைக் கொன்றுபோடலாம் என்று சொல்லியிருந்தான். தன்னைத் தவிர மற்றவர்களை ஈடாக வைத்த பேச்சு அது, தகப்பன் அசையவில்லை. வாங்கிவந்த தானியம் தீர்ந்தபின் யூதா வந்து, நானே பிணை என்கிறான். அடுத்த அதிகாரத்திலே பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்படுகிறது. பஞ்ச காலம், திருட்டுக் குற்றச்சாட்டு, அதிகாரியின் முன்னே நிற்கும் இளையவன். அங்கே யூதா ஓரடி முன்னே வந்து, இவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று கேட்கிறான். முன்பு யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவனும் இந்த யூதாதான் என்பதை மறந்துவிடாதிருங்கள்.

பல ஆண்டுகள் இந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். பிணைப்பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளில் என்னை யூதாவாகவே எண்ணிக்கொண்டேன். நோட்டைத் திரும்ப வாசித்தபோது, ரூபனைத்தான் கண்டேன். நீதிமன்றத்தில் அவனுக்காகப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை நின்றேன். அந்தப் பணம் ஒருநாளும் என் கையைவிட்டுப் போகவில்லை. சபைக் குழுவின் முன்னே அவனுக்காக நிற்பதற்கு ஒரு ரூபாயும் தேவைப்படவில்லை. அங்கே நான் நிற்கவில்லை. இதை உங்களுக்கு முன்பாக அறிக்கையிட வேண்டும் என்றே இவ்வளவும் எழுதினேன்.

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளின்மேல் 50 சதவீத வரி விதித்தது. அதன் பின்பு நம் தெருக்களில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகி, அதுவும் வாரத்தில் சில நாட்களாகிப் போன வீடுகளை நான் சந்தித்துவருகிறேன். சென்ற வாரம் அதே நன்னடத்தை அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இப்போது அங்கே வேறொருவர் இருக்கிறார். பழைய அம்மையார் என் எண்ணைக் கொடுத்துச் சென்றாராம். இருபது வயதுள்ள ஒருவன். நம் சபையைச் சேர்ந்தவனல்ல. ஆணை பிறப்பிக்கும் முன் இரண்டு பிணையாளிகளை நீதிமன்றம் கேட்கிறது. அவனுக்கென்று யாரும் இல்லை. வேலையும் இல்லை.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு சபைக் குழு கூடுகிறது. ஆலயப் பணியாளர் இடம் ஜனவரியிலிருந்து காலியாயிருக்கிறது. அவன் பெயரை நான் முன்வைக்கப் போகிறேன். சாவியைப் பற்றிக் கேட்பீர்கள், கேட்பது நியாயமே. அதற்கு விடையோடு வருகிறேன்.

பத்திரத்தில் முதல் கோட்டில் நான் கையெழுத்திட்டுவிட்டேன். இரண்டாவது கோடு காலியாயிருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். வருகிறவர் ஆதார் அட்டையும், சொந்த வீடாயிருந்தால் வீட்டு வரி ரசீதும் கொண்டுவந்தால் போதும். என் இருசக்கர வாகனத்தில் பின்னால் இடம் இருக்கிறது. ஒன்பது மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்படுகிறேன்.

உங்கள் ஊழியன்,
போதகர்